காலிப் பலூனும் கத்தின கூட்டமும்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் சின்னவளைக் கையில் நாலு டிக்கெட்டோடு எங்கள் வீட்டுப் படியில் நிறுத்திவிட்டுப் போனேன். மணியை அடித்தாளா, அண்ணனிடம் உண்மையைச் சொன்னாளா என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மணியை அடித்தாள். டிக்கெட்டைக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரியவன் என் மகன். லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவன். பேச்சு திக்கும். சின்னவள் என் மகள், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். படம் போட்டுக் கதை சொல்வது அவள் வேலை. கட்டம் கட்டமாகப் படம், பலூனுக்குள் பேச்சு. எந்நேரமும் கோடு இழுத்துக்கொண்டிருந்ததால் வீட்டில் அவள் பெயரே கோடு.

அவள் போட்ட 'இடைமாடி' என்ற கதையில் ஒரு வீரன் வருகிறான். அவனும் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே நின்று அவன் கதவைத் திறந்தால் அது ஊரில் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் திறக்கும். அவனுக்கும் பேச்சு திக்கும். அண்ணனைத்தான் அப்படியே தூக்கி வைத்திருந்தாள், அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். புத்தகம் விற்றது. சினிமாக்காரர்கள் வந்தார்கள். சினிமாக்காரன் சிரித்தால் நான் பையைத் தடவிப் பார்க்கிற ஆள். இருந்தாலும் படம் எடுத்துவிட்டார்கள். இன்று முதல் நாள்.

அந்த வீரன் யார் என்று எனக்கும் தெரியும், மருமகளுக்கும் தெரியும். பெரியவன் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. அவனுக்கு மட்டும்தான் தெரியாது.

காலையில் மருமகள் அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று நாள் முழுக்க அடுத்தவர் மூச்சை அதிகாரம் பண்ணுகிற வேலை. வீட்டிலும் அதே குரல்தான்.

"மாமா, இன்னிக்காவது சொல்லிடச் சொல்லுங்க உங்க பொண்ண. இவரு தியேட்டர்ல போய்த் தெரிஞ்சுக்கக் கூடாது."

"நான் சொன்னா கேப்பாளா அவ. நீயே சொல்லு."

"நான் சொன்னா நாத்தனார் சண்டைன்னு பேர் வரும்."

"வராத சண்டைக்கு இப்பவே பேர் வெச்சாச்சா?"

சின்னவள் வந்தாள். புதுச் செருப்பு, தூங்காத கண்.

"என்ன கோடு, சொல்லப் போறியா இல்லையா?" என்று குளியலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்.

"படத்தப் பார்த்தா அண்ணனுக்கே புரியும்ப்பா. நான் வாயால சொன்னா கேலி மாதிரி ஆயிடும். பார்த்தாத்தான் நான் எவ்வளவு மரியாதையா போட்டிருக்கேன்னு தெரியும்."

"தியேட்டர்ல எவ்வளவு பேர் இருப்பாங்க?"

"ஹவுஸ்ஃபுல்."

"அத்தன பேருக்கும் அந்த மரியாதை தெரியுமா?"

பெரியவன் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"எ... எ..." என்றான்.

சின்னவள் ஒரு செருப்பைக் கழற்றியபடி ஒற்றைக் காலில் நின்றாள். மருமகள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள். நான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எப்ப கிளம்பணும்?"

"மத்தியான ஆட்டம்ணா. சாப்பிட்டுட்டுக் கிளம்பினாப் போதும்" என்றாள் சின்னவள். இன்னொரு செருப்பையும் கழற்றினாள்.

எங்கள் வீடு இப்படித்தான். அவன் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டால் மற்றவர்கள் கையில் இருப்பதும் அங்கேயே நிற்கும். செத்துப்போன என் சம்சாரம் போட்ட சட்டம். அவன் வார்த்தையை அவன்தான் முடிக்க வேண்டும், நடுவில் புகுந்து யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சோறு ஆறினால் ஆறட்டும்.

சட்டத்துக்குக் காரணம் பள்ளிக்கூடம். அவன் திக்கும்போதெல்லாம் வகுப்பே சேர்ந்து வார்த்தையை முடித்துக் கொடுக்கும், பாட்டுப் பாடுகிற மாதிரி. வாத்தியாரும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். ஒருநாள் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டான். அங்கே மட்டும் இல்லை, வீட்டிலும். பசித்தால் தட்டைக் காட்டுவான். மற்றதற்கெல்லாம் தலையாட்டல். மறுபடி அவன் 'அம்மா' என்று கூப்பிட்டுக் கேட்பதற்குள் அவளுக்கு முன்மயிர் நரைத்துவிட்டது.

எனக்குப் பயம் அது ஒன்றுதான். சினிமா ஓடினால் என்ன, படுத்தால் என்ன. அவன் மறுபடி வாயை மூடிக்கொள்ளக் கூடாது.

தியேட்டர் வாசலில் நல்ல கூட்டம். பாதிப் பேர் நீலச் சட்டை போட்டு, இடுப்பில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். இடைமாடிக்காரன் வேஷமாம். பெரியவன் வேலைக்குப் போகிற வேஷமும் அதேதான். அவன் அவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இவங்கல்லாம் ந... நம்ம கம்பெனியா?"

மருமகளுக்கு இருமல் வந்துவிட்டது.

"படத்துல ஹீரோ அப்படித்தான்ணா வருவான்" என்றாள் சின்னவள். "அவன் லிஃப்ட் மெக்கானிக்."

"லிஃ... லிஃப்ட் மெக்கானிக்கையா படமா எடுத்தாங்க?" பெரியவன் சிரித்தான். "எவன் பாப்பான் அத?"

சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிட அதுதான் கடைசி வாய்ப்பு. விட்டுவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்தோம். பெரியவன் நடுவில், அவனுக்கு இந்தப் பக்கம் மருமகள், அவளை அடுத்து நான், அந்தப் பக்கம் சின்னவள்.

படம் எப்படி என்றால், எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஆட்கள் நிஜ ஆட்கள்தான். ஆனால் முகத்தைச் சுற்றிக் கறுப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள். மழை நிஜ மழை இல்லை, சாய்வாக இழுத்த கோடுகள். திரையே கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. ஒரு கட்டத்தில் ஓடுகிறவன் கால் தடுக்கி அடுத்த கட்டத்துக்குள் போய் விழுகிறான். எல்லாமே கறுப்பு வெள்ளை, அவனுடைய சட்டை மட்டும் நீலம். கதவை உடைத்தால் 'டமார்' என்ற எழுத்து திரையில் வந்து அதுவும் சேர்ந்து உடைகிறது.

எனக்குப் பின்னால் ஒருவர், "இதுக்கு வீட்லயே உக்காந்து புக்கப் பொரட்டியிருக்கலாம்" என்றார்.

"நீங்க என்னிக்கு புக்கப் பொரட்டினீங்க" என்றாள் அவர் சம்சாரம்.

இடைமாடிக்காரனுக்குக் குரலே கிடையாது. வாயும் அசையாது. அவன் பேசினால் தலைக்கு மேல் வெள்ளைப் பலூன் வரும், அதில் எழுத்து வரும். திக்கும்போது பலூன் மட்டும் வந்து காலியாக நிற்கும். முதல் எழுத்து வரும், அழியும். மறுபடி வரும். அப்புறம்தான் வார்த்தை. புத்தகத்தில் சின்னவள் போட்டது அப்படியே.

முதல் தடவை பலூன் காலியாக நின்றபோது கூட்டம் சும்மா இருந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். அடுத்த தடவை யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்கடுத்த தடவை முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "கதவத் தொறன்னு சொல்லுடா" என்றது.

பலூனில் அதே வார்த்தை வந்தது. தியேட்டர் குலுங்கிச் சிரித்தது.

அவ்வளவுதான், பந்தயம் தொடங்கிவிட்டது. பலூன் வரும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு வார்த்தையை எடுத்துவிட்டார்கள். சரியாகச் சொன்னால் விசில். தப்பாகச் சொன்னால் அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்தது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குஷியாக இருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத ஆள் என் தொடையைத் தட்டி, "சொல்லுங்க பெரியவரே, இப்ப என்ன சொல்லுவான்?" என்று கேட்டான். அவனை என்ன செய்வது.

சின்னவள் பெரியவன், மருமகள் இருவரின் முதுகுக்கும் பின்னால் என் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா, இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்ல. புக்ல அந்த எடம் வந்தா எல்லாரும் நின்னு, காத்திருந்து..."

"புக்க ஒத்த ஆளாப் படிக்கிறான். இது கூட்டம்."

அவளைக் குற்றம் சொல்லியும் பயன் இல்லை. அவள் பிறந்து வளர்ந்த வீடு அப்படி. ஓர் இடம் காலியாக நின்றால் உலகம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் என்று நம்பிவிட்டாள். வேறு எந்த வீட்டுப் பெண்ணும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

பெரியவன் அதுவரை படத்தை லிஃப்ட்காரன் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "கயிறு அ... அந்தப் பக்கம் வராது" என்று மருமகளிடம் ஒரு தடவை குறைகூடச் சொன்னான். பிறகு அந்தக் கட்டம் வந்தது.

வார்த்தை வராதபோது அவன் இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் இறுக்கிக்கொள்வான். சின்ன வயசுப் பழக்கம். திரையில் இடைமாடிக்காரன் தலைக்கு மேல் பலூன் காலியாக நின்றது. கீழே பெரிய கட்டத்தில் கை மட்டும் வந்தது. கட்டைவிரல் உள்ளே போயிற்று. விரல்கள் மூடின.

பெரியவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். அது நாற்காலிக் கைப்பிடியில் அதே மாதிரி மூடியிருந்தது.

எங்களை ஒருவரையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மருமகள் இருட்டில் அந்தக் கையைத் தேடினாள், அவன் கொடுக்கவில்லை.

கடைசிக் கட்டம். எரிகிற கட்டடம். நடுவில் நின்ற லிஃப்டுக்குள் ஒரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் இவன். "யாரு நீங்க?" என்று அவள் கேட்கிறாள். படம் முழுக்க யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. பலூன் வந்தது. பெரிசாகிக்கொண்டே போய்த் திரை முழுவதையும் மூடியது. வெறும் வெள்ளை. அந்த வெளிச்சத்தில் தியேட்டரில் இருந்த அத்தனை முகமும் தெரிந்தது.

"இடைமாடி!" என்று ஒருவன் கத்தினான்.

"மெக்கானிக்குன்னு சொல்லுடா."

"வாடகை வாங்க வந்தவன்."

"உன் மாமியா அனுப்பின ஆளு."

ஒரே கூச்சல். பெரியவன் எழுந்து நின்றான்.

வெள்ளை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான். "பொ..." என்றான். நன்றாகச் சத்தமாக. "பொ... பொ..."

முன்வரிசை திரும்பியது.

"டேய், இங்க ஒருத்தன் செய்றான் பாரு. அப்படியே இருக்கு."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அவன் நடிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒரு மூலையிலிருந்து "பொ, பொ, பொ" என்று தாளம் கிளம்பியது. அதே பாட்டு. இடம்தான் வேறு.

நான் எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மருமகள் என் கையை எடுத்துவிட்டாள்.

"விடுங்க மாமா. அவரு முடிக்கட்டும்."

"பொறுங்க" என்று முடித்தான் பெரியவன். ஒருத்தன் காதிலும் அது விழுந்திருக்காது. அவனுக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் திரையில் பலூன் கிழிந்து, அதன் பின்னால் இடைமாடிக்காரனின் முகம் வந்தது. முகத்தில் பாதி கறுப்பு. படத்தில் முதல் தடவையாக அவன் வாய் திறந்தது. தொண்டை அசைந்தது. ஏதோ சொன்னான். விசில் ஓய்வதற்குள் லிஃப்ட் கதவு திறந்து அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள். பெயர்கள் ஓடத் தொடங்கின.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினேன். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது கிடையாது என்று எல்லாரும் நினைப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில் படியிறங்கும் கூட்டத்தின் பேச்சு தானாக என் காதில் விழுந்தது.

கண் வலிக்கிறது, ஜன்னல் கம்பி வழியாகப் படம் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். அந்த நீலச் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு கும்பல் விசாரித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த ஒரு காலேஜ் பெண் தன் கூட்டாளிகளிடம், "அவன் காமெடி பீஸ் இல்ல. கெடுத்ததே நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அவர்களைவிட்டு விலகி இறங்கினாள். அவளுக்கு என் சொத்தில் பாதியை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சொத்துதான் இல்லை.

"நடுவுல எழுந்து நின்னான் பாரு, அவன் படக் கம்பெனி ஆளா இருக்கும்" என்றார் வழுக்கைத் தலை ஒருவர். "விளம்பரத்துக்கு நிறுத்தியிருப்பாங்க. இவங்கள நம்பவே கூடாது."

என்னைப் போலவே ஒரு சந்தேகப் பிராணி. அந்த மாதிரி மனுஷனைப் பார்த்து எனக்கு வெறுப்பு வந்தது இன்றைக்குத்தான்.

வாசலில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் பெரியவனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அண்ணே, பின்னிட்டீங்க. எவ்வளவு நாளாப் பழகினீங்க?"

"பொறந்ததுலேர்ந்து" என்றாள் மருமகள். அவனைத் தாண்டி நடந்தாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

டாக்ஸியில் வரும்போது சின்னவளுக்கு டைரக்டரிடமிருந்து போன் வந்தது. ஆள் மெதுவாகப் பேசத் தெரியாதவர். வண்டி முழுக்கக் கேட்டது.

"எல்லாத் தியேட்டர்லயும் இதேதான் மேடம். ஜனங்க பலூனோட பேசறாங்க. ரெண்டாம் பாகத்துல சீனுக்குச் சீன் காலிப் பலூன் வேணும். அவங்க சொல்லணும், நம்ம ஆளு திக்கணும். எழுதிடுங்க."

"அப்புறம் பேசறேன் சார்" என்று போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

பெரியவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். தியேட்டரில் 'பொறுங்க' என்று சொன்னதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. டாக்ஸிக்காரரிடம் வழியைக்கூடக் கையால்தான் காட்டினான்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மருமகள் டீ கொண்டுவந்தாள்.

"சக்கரை போதுமா?"

தலையாட்டினான்.

தட்டைக் காட்டின பிள்ளையை ஒரு தடவை பார்த்தவன் நான். இன்னொரு தடவை பார்க்கிற வயது எனக்கு இல்லை. மருமகளும் அதைக் கவனித்துவிட்டாள். டீத் தட்டை வைத்துக்கொண்டே நின்றாள்.

சின்னவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, உன்னக் கேக்காம எடுத்தது தப்பு. திட்டு. நாலு அறை வேணும்னாலும் குடு. இப்படி உக்காந்திருக்காத."

அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"இனிமே அவன நான் போடல. ரெண்டாம் பாகம் கிடையாதுன்னு இப்பவே சொல்லிடறேன். புக்கும் வேணாம். நீ ஏதாவது பேசு."

பெரியவன் டம்ளரைக் கீழே வைத்தான். இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போவதை மூன்று பேரும் பார்த்தோம். யாரும் அசையவில்லை. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, சொட்டட்டும் என்று விட்டுவிட்டோம்.

"அ..." என்றான். "அ... அவன்..."

நின்றது. மறுபடி பிடித்தான்.

"அவன் க... கடைசியில என்ன சொன்னான்?"

சின்னவளுக்குப் புரியவில்லை. "யாரு?"

"அந்த ஆளு. அந்தப் பொ... பொண்ணு கேட்டப்போ. வாயத் தொறந்தானே. எல்லாரும் க... கத்தறாங்க, எனக்குக் கேக்கல." மூச்சு வாங்கினான். "நம்ம கோடு அவன என்ன சொ... சொல்ல வெச்சிருக்கான்னு கேக்கத்தான் எழுந்தேன். நான் எழுந்ததுல அதுவும் போ... போச்சு. அத நெனச்சுட்டேதான் வந்தேன்."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். சளி.

"அப்ப என்மேல கோவம் இல்லையா?" என்றாள் சின்னவள்.

"இருக்கு. அது த... தனி. அதுக்கு ஒரு நாள் வெச்சுக்கலாம். மொதல்ல இதச் சொல்லு."

மருமகள் சிரித்துவிட்டாள். சின்னவள் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறிப்போயிருந்தது.

"அண்ணா, நான் எதையும் எழுதல. புக்ல கடைசிப் பலூன் காலிதான். அதோட பக்கம் முடிஞ்சுடும். அவன் என்ன சொன்னான்னு எனக்கே தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் விட்டேன். அவன் வாய் அசையறத நானே இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"அப்ப யாரு சொல்ல வெச்சது?" என்றாள் மருமகள்.

"டைரக்டரா இருக்கும். இல்ல, அந்த நடிகரே ஏதாவது... எனக்குத் தெரியல அண்ணி."

"போனப் போட்டுக் கேளு."

சின்னவள் போனை எடுத்தாள். பெரியவன் கையை நீட்டி அதை மூடினான்.

"வே... வேணாம். அந்த ஆளு சொல்லி நான் கேக்கணுமா? நாளைக்குக் கா... காலை ஆட்டத்துக்கு நானே போறேன்."

"நாளைக்கும் கத்துவாங்க" என்றேன் நான்.

"கத்தட்டும். மு... முன்னால போய் உக்காந்துக்கறேன்."

மருமகள் தன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, நாளைக் காலை வர முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

இந்த வீட்டில் அவனைப் பெற்ற எனக்கே அவன் வார்த்தையை எடுத்துக் கொடுக்க அனுமதி கிடையாது. எவனோ ஒருத்தன் அவனுடைய கையையும் விரலையும் திக்கலையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் அவன் வாய்க்குள் ஒரு வார்த்தையையும் வைத்து, ஊர் முழுக்கத் திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அது நல்ல வார்த்தையா, ஆளைக் கொல்கிற வார்த்தையா, எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது.